இந்தோனேசியாவின் இஸ்லாமியத் தனியார் பள்ளிகள்: தரம் உயர வழி என்ன?

 

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் மேடான். அந்நகரிலிருந்து வைத்தியத்துக்காகவும் கொள்முதலுக்காகவும் பினாங்குக்கு வருகிறவர்கள் நம் கடைகளில் ஏறி இறங்குவது அன்றாட நடப்பு. அங்கே கம்போங் மெட்ராஸ் பகுதியில் தென்னிந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. ஆகவே அந்நாட்டாரின் சுகதுக்கம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. சரக்கு விலை பேசி முடித்த பிறகு அவர்கள் பேச்சு பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பில் வந்து நிற்கும். "இஸ்லாமியப் பள்ளியில்தான் சேர்த்தோம், மாதாமாதம் கட்டணமும் கட்டினோம், படித்து முடித்த பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான்" என்பது நாம் பலர் வாயிலாகக் கேட்ட குறை.

இந்தக் குறை எங்கிருந்து வருகிறது, அது தீர வழி என்ன என்பதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம். நாம் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள். கல்வி சாஸ்திரம் படித்த மேதாவிகளைப்போல எழுத நமக்குத் தெரியாது. ஆனால் நல்ல சரக்குக்கும் மட்டச் சரக்குக்கும் உள்ள வித்தியாசமும், முதல் போட்ட இடத்தில் ஏன் நட்டம் வந்தது என்று கணக்குப் பார்க்கும் முறையும் வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு இதைப் பார்ப்போம்.

1. பள்ளிகளின் வகை

இந்தோனேசியாவில் ஆரம்பப் பள்ளி 6 ஆண்டு, இடைநிலை 3 ஆண்டு, அதற்கு மேல் உயர்நிலை 3 ஆண்டு. உயர்நிலை மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று பல்கலைக்கழகத்தை நோக்கிப் போகும் பொதுக் கல்விப் பள்ளி; இதை அவர்கள் 'எஸ்.எம்.ஏ.' என்பார்கள். இரண்டாவது, கைத்தொழிலும் வணிகமும் கற்பிக்கும் தொழிற்கல்விப் பள்ளி, இது 'எஸ்.எம்.கே.'. மூன்றாவது, சமய விவகார அமைச்சின் கீழ் நடக்கும் 'மதரஸா ஆலியா'.

நாம் இங்கே பேசுவது முதலிரண்டைப் பற்றி. அவை கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுபவை. 2014-ம் ஆண்டுச் சட்டப்படி அவற்றின் மேற்பார்வை மாநில அரசாங்கங்களைச் சேர்ந்தது. சர்க்காரே நடத்தும் பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதா. மீதியைத் தனியார் ஸ்தாபனங்கள் சுமக்கின்றன. அவற்றுள் முஹம்மதியா இயக்கமும், நஹ்ளத்துல் உலமாவின் 'மஆரிஃப்' கல்விக் கிளையும் ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்துகின்றன. அல்-இர்ஷாத், அல்-அஸ்ஹர் முதலிய அமைப்புகளும், ஊர்தோறும் சிறு வக்பு நிறுவனங்களும் உண்டு. இப்பள்ளிகள் சர்க்கார் பாடங்களோடு குர்ஆன், அரபு, தத்தம் இயக்கத்தின் வரலாறு ஆகியவற்றையும் சேர்த்துப் போதிக்கின்றன.

2. வியாபாரிகள் போட்ட அஸ்திவாரம்

இப்பள்ளிகளின் தொடக்கத்தில் வியாபாரிகள் இருக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

முஹம்மதியாவை 1912-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி ஜோக்ஜகார்த்தாவில் நிறுவிய கியாயி அஹ்மத் தஹ்லான், அந்நகரப் பெரிய பள்ளிவாசலின் கதீப். கூடவே பாத்திக் துணி வியாபாரி. 1911-ல் தம் வீட்டின் முன்கட்டிலேயே பெஞ்சும் கரும்பலகையும் போட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பாயில் உட்கார்ந்து ஓதுவதே மார்க்கக் கல்வி என்றிருந்த காலம் அது. பெஞ்சைக் கண்டதும் "வெள்ளைக்காரன் வழியில் போகிறார்" என்று ஏசினவர்கள் பலர். அவர் பின்வாங்கவில்லை. உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாதபோது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார் என்பது அவ்வியக்கத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி.

அவர் பாடம் சொன்ன விதத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அநாதையையும் ஏழையையும் கைவிடுகிறவனைக் கண்டிக்கும் 'அல்-மாஊன்' அத்தியாயத்தையே பல நாள் திரும்பத் திரும்ப நடத்தினார். மாணாக்கர்கள், "இதைத்தான் மனப்பாடம் செய்துவிட்டோமே" என்றார்கள். "செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டு, ஏழைகளைத் தேடிப்போய் உணவும் உடையும் கொடுத்து வரும்படி அவர்களை அனுப்பினார். மனப்பாடம் செய்ததைக் கையால் செய்யவைப்பதே படிப்பு என்ற அந்தப் பாடம், இன்றைய தொழிற்கல்விப் பள்ளிக்கும் அப்படியே பொருந்தும்.

நஹ்ளத்துல் உலமா 1926 ஜனவரி 31-ந் தேதி சுரபாயாவில் பிறந்தது. அதற்கும் முன்னே, 1918-ல், அதே உலமாக்கள் 'நஹ்ளத்துத் துஜ்ஜார்' என்ற வர்த்தகர் சங்கத்தைக் கண்டார்கள். 'வியாபாரிகளின் எழுச்சி' என்று அதற்குப் பொருள். கல்விக்கும் மார்க்கத்துக்கும் பொருளாதார பலம் வேண்டும் என்று உணர்ந்தே அதைச் செய்தார்கள்.

சுமாத்ராவின் பாடாங் பாஞ்சாங்கில் 1923-ல் ரஹ்மா அல்-யூனுஸிய்யா என்ற பெண்மணி பெண்களுக்கென்றே 'தீனிய்யா புத்ரி' பள்ளியைத் தொடங்கினார். மார்க்கக் கல்வியோடு நெசவும் தையலும் அங்கே பாடங்களாயின. 1926-ல் நேர்ந்த பூகம்பத்தில் கட்டடம் இடிந்தது. அவர் மீண்டும் கட்டினார். மலாயாவிலிருந்தும் பெண்கள் அங்கே போய்ப் படித்தார்கள். பிற்காலத்தில் மலேசியாவில் அமைச்சராக இருந்த ஆயிஷா கனி அவர்களுள் ஒருவர். 1955-ல் எகிப்தின் அல்-அஸ்ஹர் பெரியார் அப்பள்ளியைப் பார்த்து வியந்தார். தொன்மை மிக்க அல்-அஸ்ஹரே பெண்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்க அந்தப் பள்ளி ஒரு தூண்டுதலாயிற்று.

ஆகவே, தனியார் இஸ்லாமியப் பள்ளி என்றாலே தரம் குறைந்தது என்பது பொய். கட்டடமோ காசோ இல்லாத நாளிலேயே தரம் இருந்திருக்கிறது. இடையில் என்ன நேர்ந்தது என்பதே கேள்வி.

3. இன்றைய ஐந்தொகை

இந்தோனேசியாவில் தொழிற்கல்விப் பள்ளிகள் மட்டும் ஏறக்குறைய 14,000. அவற்றில் நான்கில் மூன்று பங்கு தனியாருடையவை. 2023 ஆகஸ்டில் அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை எடுத்த கணக்கில், நாடு முழுவதும் வேலையற்றோர் நூற்றுக்கு 5.32. தொழிற்கல்விப் பள்ளி முடித்தவர்களிடையே அது 9.31. பொதுக் கல்விப் பள்ளி முடித்தவர்களிடையே 8.15. 2024 ஆகஸ்டிலும் தொழிற்கல்வி முடித்தவர்களே 9.01 என்று முதலிடத்தில் இருந்தார்கள். ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்களிடையே இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இக்கணக்கைத் தவறாகப் படிக்கக் கூடாது. படிக்காதவனுக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்பது இதன் அர்த்தமன்று. அவன் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான், சும்மா இருக்க அவனுக்கு வசதியில்லை. இது எல்லாத் தொழிற்கல்விப் பள்ளிகளுக்கும் சேர்த்த கணக்கு. இஸ்லாமியப் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் வேலைக்காகவே ஏற்பட்ட பள்ளியின் பிள்ளைகளே வேலையின்மையில் முன் நிற்பது நம்மைச் சிந்திக்கவைக்க வேண்டும்.

பொதுக் கல்வியின் நிலையையும் பார்ப்போம். பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளை ஒரே அளவுகோலால் சோதிக்கும் 'பீசா' பரீட்சையில், 2022-ல் இந்தோனேசியாவுக்கு வாசிப்பில் 359, கணக்கில் 366. வளர்ந்த நாடுகளின் சராசரி வாசிப்பில் 476, கணக்கில் 472. வாசித்துப் பொருள் விளங்கிக்கொள்ளும் சக்தி குறைந்தால், தொழிற்பாடமும் ஏறாது, மார்க்கப் பாடமும் ஏறாது.

4. நட்டம் வந்த வழி

முதற் காரணம் அவசரம். 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில், உயர்நிலை மாணாக்கரில் நூற்றுக்கு 70 பேர் தொழிற்கல்வியிலும் 30 பேர் பொதுக் கல்வியிலும் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வைத்தது. உடனே ஊருக்கு ஊர் தொழிற்கல்விப் பள்ளிகள் முளைத்தன. இயந்திரத் தொழிலுக்கும் கப்பல் தொழிலுக்கும் பட்டறை வேண்டும், பணம் வேண்டும். அலுவலகப் பணி, கணக்குப் பதிவு, கம்ப்யூட்டர் என்றால் சில மேசைகளும் சில பெட்டிகளும் போதும். எனவே பலரும் சுலபமானதையே திறந்தார்கள். ஒரே தெருவில் பத்துக் கடைக்காரர்கள் ஒரே சரக்கைக் கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், தொழில் தெரிந்த உபாத்தியாயர் இல்லாமை. மொழியும் சரித்திரமும் நடத்துகிறவர்கள் போதுமான அளவு இருந்தார்கள். கடைசல் இயந்திரம் ஓட்டத் தெரிந்தவரோ, சமையல் தொழிலில் கை தேர்ந்தவரோ கிடைக்கவில்லை. 2016-ல் அந்நாட்டு ஜனாதிபதி தொழிற்கல்விப் பள்ளிகளைப் புதுப்பிக்கத் தனி உத்தரவு பிறப்பித்தார். பொதுப்பாட ஆசிரியர்களுக்கே தொழிற்பயிற்சி கொடுத்து இரட்டைத் தகுதி உண்டாக்கும் திட்டமும் வந்தது. நீந்தத் தெரியாதவருக்குச் சில மாதம் சொல்லிக்கொடுத்து, மற்றவருக்கு நீச்சல் கற்பிக்கச் சொல்வதற்கு ஒரு வரம்பு உண்டல்லவா?

மூன்றாவது, வருமானம். அரசாங்கம் தனியார் பள்ளிகளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று உதவித் தொகை தருகிறது. 2020 முதல் அதன் அடிப்படை அளவு பொதுக் கல்வி மாணாக்கருக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ரூபியா, தொழிற்கல்வி மாணாக்கருக்கு 16 லட்சம் ரூபியா. நம் கணக்கில் 16 லட்சம் ரூபியா என்பது ஏறக்குறைய 400 முதல் 500 ரிங்கிட். ஒரு வருஷத்துக்குப் பிள்ளை ஒன்றுக்கு இதுதான். தலைக்கு இவ்வளவு என்பதால், பிள்ளைகள் குறைந்த பள்ளிக்குப் பணமும் குறைகிறது. பணம் குறைந்தால் தரம் குறைகிறது. தரம் குறைந்தால் பிள்ளைகள் இன்னும் குறைகிறார்கள். வாடிக்கை போன கடை, சரக்குப் போட வழியில்லாமல் மேலும் வாடிக்கை இழப்பது போன்ற நிலை இது.

5. முதலிடம் உபாத்தியாயருக்கே

எத்தனை வழி சொன்னாலும் எல்லாம் உபாத்தியாயரிடத்தில்தான் வந்து சேரும்.

2005-ம் ஆண்டு ஆசிரியர் சட்டப்படி, பட்டமும் தகுதிச் சான்றும் பெற்ற ஆசிரியருக்கு அரசாங்கம் தனிப் படி கொடுக்கிறது. அரசாங்க ஊழியரல்லாத தனியார் பள்ளி ஆசிரியருக்கு அது மாதம் 15 லட்சம் ரூபியாவாக இருந்து, 2025-ல் 20 லட்சமாயிற்று. ஆனால் அந்தச் சான்றைப் பெறாதவர்கள் பள்ளி கொடுக்கும் சொற்பச் சம்பளத்தையே நம்பி இருக்கிறார்கள். காலையில் வகுப்பு, மாலையில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றும் தொழில் என்று பிழைப்பவர்கள் பலர்.

2021 முதல் அரசாங்கம் ஒப்பந்த முறையில் ஏராளமான ஆசிரியர்களைச் சேர்த்தது. நியாயமான காரியந்தான். ஆனால் தனியார் பள்ளிகளில் பத்துப் பதினைந்து வருஷம் பழகிக் கை தேர்ந்த ஆசிரியர்களே பரீட்சையில் தேறி அரசாங்கப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். முஹம்மதியாவும் நஹ்ளத்துல் உலமாவும் இதனால் ஏற்பட்ட இழப்பை எடுத்துச் சொல்லி முறையிட்டன. 2025-ல் அரசாங்க ஆசிரியர்களைத் தனியார் பள்ளிகளிலும் பணியில் அமர்த்த இடமளிக்கும் விதி வந்தது. போனவர்களை நாம் குறை சொல்ல முடியுமா? பெண்டு பிள்ளை உள்ளவர். இரண்டு மடங்கு சம்பளமும் நிலையான வேலையும் கிடைத்தால் யார்தான் போகமாட்டார்?

"மார்க்க சேவைக்கு வந்தவர் கூலியைப் பார்க்கலாமா?" என்று சில நிர்வாகிகள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். சேவை என்பது கொடுக்கிறவர் தாமாக வைத்துக்கொள்ளும் நிய்யத்து; வாங்குகிறவர் அதைச் சாக்காகக் காட்டிக் கூலியைக் குறைப்பது தராசில் கை வைப்பது போன்றதாகும். தஹ்லான் அவர்கள் உபாத்தியாயரின் சம்பளத்தைக் குறைக்கவில்லை. தம் வீட்டுச் சாமானை விற்றார்கள்.

சம்பளத்தோடு பயிற்சியும் வேண்டும். ஒரு பள்ளியில் கணக்கு நடத்தும் நான்கு ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து, "இந்தப் பாடம் ஏன் பிள்ளைகளுக்கு ஏறவில்லை?" என்று பேசினால் அதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்வதற்கும் செலவில்லை. தலைமையாசிரியர் அதற்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும். கட்டண வசூலிலும் கட்டட வேலையிலுமே அவர் பொழுது போய்விட்டால் வகுப்பறையைப் பார்ப்பது யார்?

6. பட்டறையும் சந்தையும்

மத்திய ஜாவாவில் குதூஸ் என்றொரு ஊர். அல்-குத்ஸ் என்ற பெயரிலிருந்து வந்தது அதன் பெயர். செங்கல் மினாராவுடைய பழைய பள்ளிவாசலுக்குப் பெயர் பெற்றது. அங்கே நஹ்ளத்துல் உலமாவைச் சேர்ந்த 'பனாத்' என்ற பெண்கள் தொழிற்கல்விப் பள்ளி இருக்கிறது. உடை வடிவமைப்பும் தையலும் அதன் முக்கியத் துறை. ஊரிலுள்ள ஜாரும் என்னும் பெரிய நிறுவனத்தின் அறக்கட்டளை கைகொடுத்தது. தொழில் வல்லுநர்கள் வந்து கற்பித்தார்கள். தொழிற்சாலையில் உள்ளது போன்ற பட்டறை அமைந்தது. முக்காடிட்ட அப்பிள்ளைகள் வடிவமைத்த உடைகள் ஹாங்காங் வரை போய் மேடையேறின.

இந்த ஒரு பள்ளியிலிருந்து மூன்று பாடம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, பத்துத் துறையைத் திறக்காமல் சில துறைகளை ஆழமாக நடத்துவது. இரண்டாவது, கற்பிக்கிறவர் தொழில் தெரிந்தவராக இருப்பது. மூன்றாவது, செய்த சரக்கைச் சந்தையில் நிறுத்திப் பார்ப்பது. இந்த மூன்றாவதை அந்நாட்டார் 'போதனைத் தொழிற்சாலை' என்கிறார்கள். வெளியாரிடம் உண்மையான ஆர்டர் எடுத்து, சொன்ன தேதியில், சொன்ன தரத்தில் மாணாக்கர்களே செய்து கொடுப்பது அந்த முறை. பரீட்சைத் தாளில் நூற்றுக்கு அறுபது வாங்கினால் தேர்ச்சி. சட்டையில் நூற்றுக்கு அறுபது தையல் சரியாக இருந்தால் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வாரா? அந்த அளவுகோல் பிள்ளைக்குப் பள்ளியிலேயே பழக வேண்டும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உதவி செய்த அறக்கட்டளை கிராம்புச் சிகரெட் கம்பெனியுடையது. புகைப்பது ஹராம் என்று முஹம்மதியாவின் ஃபத்வா சபை 2010-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நஹ்ளத்துல் உலமா அவ்வளவு தூரம் போகவில்லை. எந்தக் கையிலிருந்து உதவி வாங்குவது என்பது ஒவ்வொரு பள்ளியும் தன் உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் ஒன்று நிச்சயம்: சந்தேகமில்லாத கைகளை உடைய வியாபாரிகள் முன்வந்தால் அந்தச் சங்கடமே எழாது.

தொழிற்கல்வி மாணாக்கர்கள் பல மாதம் கம்பெனிகளிலும் கடைகளிலும் போய் வேலை பழக வேண்டும் என்பது அங்கே விதி. நல்ல பள்ளி, பிள்ளையை அனுப்புமுன் முதலாளியிடம் போய் "என்ன கற்பிப்பீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்குகிறது, இடையில் ஆசிரியர் போய்ப் பார்க்கிறார். சரியில்லாத பள்ளி, பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிடுகிறது. அவன் தேநீர் வாங்கிவரவும் காகிதம் நகல் எடுக்கவும் பழகித் திரும்புகிறான். இதில் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. கடைக்கு வந்த பையனுக்குக் கொள்முதல் சிட்டை எழுதவும், இருப்பு எடுக்கவும், வாடிக்கைக்காரரிடம் பேசவும் கற்றுக்கொடுத்தவர்கள் நம் முன்னோர். அவர்களிடம் பழகிய பையன்கள்தாம் பிறகு தனிக் கடை வைத்தார்கள்.

7. தீனும் தொழிலும்

"ஒழுக்கமுள்ள பிள்ளையாக வந்தால் போதும், தரம் இரண்டாம் பட்சம்" என்று சொல்கிற பெற்றோரும் உண்டு. ஒழுக்கம் முதன்மையானது என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் தொழிலில் உள்ள அரைகுறையும் ஓர் ஒழுக்கக் குறைவே அல்லவா? மின்சாரக் கம்பியைச் சரியாக இணைக்கத் தெரியாதவன் ஐவேளை தொழுதாலும், அவன் வேலை செய்த வீட்டில் தீப்பிடிக்கும். அளவையில் மோசம் செய்வதைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பாடத்தை மார்க்க வகுப்பில் ஓதிவிட்டு, அடுத்த மணி பட்டறையில் அளவுகோலைப் பிடிக்கும்போது ஆசிரியர் அதையே நினைவூட்டினால், தீனும் தொழிலும் ஒன்றாகிவிடும். இரண்டு பாடத்துக்கும் இரண்டு ஆசிரியர். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்றால், 'இஸ்லாமிய' என்ற சொல் வாசல் பலகையில் மட்டுமே நிற்கும்.

"நம் பெயர் இருக்கிறது, நம் மக்கள் வருவார்கள்" என்ற நம்பிக்கையும் நிலைக்காது. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கார் 1946-ல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1960-ல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982-ல் மூடப்பட்டது. நிறுவியவர்களின் உழைப்பிலும் தியாகத்திலும் குறைவில்லை. தமிழ்வழிப் படிப்புக்கு வேலைச் சந்தையில் இடம் சுருங்கவே, பிள்ளைகள் குறைந்தார்கள். சமூகப் பற்று ஒரு பள்ளியைத் திறக்கும். தொடர்ந்து நடத்த, படித்த பிள்ளைக்கு அது எங்கே கொண்டு விடுகிறது என்பதும் வேண்டும்.

8. கணக்கும் அமானத்தும்

ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் நிறுவியவரின் குடும்பமே நிர்வாகம், அவர்களே பொக்கிஷம். நல்லவர் இருக்கும்வரை நன்றாக நடக்கும். அவர் மறைந்தால் வாரிசுகளிடையே வழக்கு. கிழக்கு ஜாவாவின் கோந்தோர் கல்வி நிலையம் இதற்கு ஒரு வழி காட்டியது. 1926-ல் மூன்று சகோதரர்கள் தொடங்கிய அந்நிலையத்தை, 1958-ல் அவர்களே வக்பு செய்து, பழைய மாணாக்கர்களான 15 பேர் கொண்ட சபையிடம் ஒப்படைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சொத்தாக வைக்கவில்லை. வயலும் கடைகளும் அச்சகமும் நிலையத்துக்கே வருமானம் தருகின்றன. மாணாக்கர் கட்டணத்தையும் அரசாங்க உதவியையும் மட்டும் நம்பியிருக்கும் பள்ளிக்கும், தனக்கென்று வருமானமுள்ள பள்ளிக்கும் உள்ள வித்தியாசம், அன்றாடக் கடனில் ஓடும் கடைக்கும் கைமுதல் உள்ள கடைக்கும் உள்ள வித்தியாசமே.

கணக்கு விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டணப் பாக்கி உள்ள பிள்ளையின் தேர்ச்சிச் சான்றிதழைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் வழக்கம் அந்நாட்டுத் தனியார் பள்ளிகள் பலவற்றில் உண்டு. பள்ளியின் கஷ்டம் உண்மையானதே. ஆனால் சான்றிதழ் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் பாக்கியை எப்படிக் கட்டுவான்? கடன்பட்ட தச்சனிடமிருந்து உளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பணம் கேட்பது வியாபாரமும் ஆகாது, தர்மமும் ஆகாது. கஷ்டப்படுகிற கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்வது நம் மார்க்கம். சான்றிதழைக் கொடுத்துவிட்டு, வேலை கிடைத்தபின் சிறிது சிறிதாகக் கட்ட எழுதி வாங்கலாம். இயலாதவனுக்கு ஜகாத் நிதியிலிருந்து தீர்க்க உலமாக்களிடம் வழி கேட்கலாம். அல்-மாஊன் பாடத்தில் தொடங்கிய பள்ளிகளுக்கு இது பெரிய காரியமல்ல.

9. நாம் செய்யத்தக்கது

மேடானிலும் ஜாவாவிலும் கொள்முதல் செய்யப் போகிற நம்மவரிடம் பள்ளிகளுக்கு நன்கொடை கேட்டு வருவது வழக்கம். கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இவை நம் ஊர் மதரஸாக்களுக்கும் வார இறுதி வகுப்புகளுக்கும் பொருந்தும்.

முதலாவதாக, சுவருக்குக் கொடுப்பதைவிட உபாத்தியாயருக்குக் கொடுங்கள். பெயர் பொறித்த கல் வைத்த வகுப்பறை கண்ணுக்குத் தெரியும். ஓர் ஆசிரியரின் மூன்று வருஷச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டது யார் கண்ணுக்கும் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். பிள்ளைக்குப் பயன் தருவது இரண்டாவதே.

இரண்டாவதாக, பழைய சரக்கைத் தள்ளிவிடும் இடமாகப் பள்ளியை நினைக்காதீர்கள். ஓடாத கம்ப்யூட்டரும் உடைந்த தையல் இயந்திரமும் நன்கொடையல்ல. ஒன்று கொடுத்தாலும் வேலை செய்வதைக் கொடுங்கள்.

மூன்றாவதாக, கணக்குக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. வரவு செலவு எழுதிய தாளையும், சென்ற ஆண்டு வெளியேறிய பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் காட்டுகிற பள்ளிக்குத் தாராளமாகக் கொடுங்கள். அரசாங்கத்தார் தரும் 'ஏ', 'பி', 'சி' தர வரிசையையும் பாருங்கள். அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோப்பு அழகாக இருந்து, வகுப்பு காலியாக இருப்பதும் உண்டு.

நான்காவதாக, பணம் இல்லாவிட்டால் அறிவைக் கொடுங்கள். இருப்புக் கணக்கு எடுப்பது, சரக்கின் தரம் பார்ப்பது, கடன் வசூலிப்பது ஆகியவற்றை ஒரு வணிகத்துறை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசிவர நம்மில் எத்தனையோ பேரால் முடியும்.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் இப்பாடத்தை வாசித்துப் பேசுகிறவர்களுக்காக:

1. நம் ஊர் மதரஸாவின் ஆசிரியர் வாங்கும் சம்பளத்தில் நம்மால் குடும்பம் நடத்த முடியுமா?

2. நம் கடைக்கு வேலை பழக வரும் பையனுக்கு நாம் கற்றுக்கொடுப்பது என்ன?

3. சென்ற ஐந்து ஆண்டில் நாம் கல்விக்குக் கொடுத்த தர்மத்தில் கட்டடத்துக்குப் போனது எவ்வளவு, கற்பிப்பவருக்குப் போனது எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்குப் பேரேட்டைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். புரட்டிப் பார்த்தபின் அடுத்த ரமலானுக்கான ஜகாத், ஸதகாவை எழுதும்போது, சட்டப்படி ஜகாத் சேர வேண்டிய இடம் வேறு, ஸதகா கொடுக்கக்கூடிய இடம் வேறு என்பதை ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுக்கொண்டு, ஓர் உபாத்தியாயரின் பெயரையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்கிறோம். நம் பொருளிலும் நம் பிள்ளைகளின் அறிவிலும் அல்லாஹுத் தஆலா பரக்கத் செய்வானாக. ஆமீன்.